நாற்பது ஆண்டுகளாக அயலவர்

சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே கடையநல்லூரை அடுத்த போகநல்லூரிலும், வடக்கே ராஜபாளையத்தை அடுத்த மொட்டமலையிலும் சட்டப்படி 'வெளிநாட்டவர்' எனப்படும் மக்கள் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். வாங்குவது நம் ரேஷன் கடை அரிசி. பிள்ளைகள் படிப்பது நம் அரசுப் பள்ளிகளில். ஆனாலும், இலங்கையையே பார்த்திராத இருபது வயது இளைஞரும் ஏட்டில் இலங்கையர்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல அலைகளாக ஏறத்தாழ 3 லட்சம் பேர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். பலர் திரும்பிச் சென்றனர். சிலர் மேலை நாடுகளுக்குப் போயினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் வசித்தனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயரைத் தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ரூ.317.40 கோடிக்கு நலத்திட்டங்களும் அறிவிக்கப்பட்டன. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அவற்றில் முதன்மையானது. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கியதைக் கண்டவர்கள், அந்த அறிவிப்பின் அருமையை அறிவார்கள்.

குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500, பிற பெரியவர்களுக்கு ரூ.1,000, சிறுவர்களுக்கு ரூ.500 என்று பணக்கொடையும் அப்போது உயர்த்தப்பட்டது. கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ரூ.3,500. எங்கள் பகுதியில் பெயிண்டிங் வேலைக்குப் போகும் ஒருவரின் நான்கைந்து நாள் கூலிதான் இது. எனவே, இம்மக்கள் அரசின் உதவியில்தான் உண்டு வாழ்கிறார்கள் என்ற எண்ணம் சரியன்று. அவர்கள் உழைத்தே வாழ்கின்றனர். அந்த உழைப்பு ஏன் சேமிப்பாகவும் சொத்தாகவும் மாறவில்லை என்பதே பொருளியல் ஆசிரியனாகிய என்னை உறுத்தும் கேள்வி.

சாதாரணக் குடும்பம் ஒன்று எப்படி மேலேறுகிறது? கூலியில் மிச்சம் பிடித்து இரண்டு சென்ட் மனை வாங்குகிறது. அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெற்று வீடு கட்டுகிறது, அல்லது பெண்ணைப் படிக்க வைக்கிறது. முகாம்வாசிக்கு இந்த ஏணியின் முதற்படியே இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் சிறுபான்மையினர் நீண்டகால விசா பெற்று இங்கிருந்தால், குடியிருக்க ஒரு வீடும் தொழில் செய்ய ஓர் இடமும் வாங்கலாம் என்று 2018-இல் விதி செய்யப்பட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

மனை வாங்க வழியில்லாதவர்கள் நகை வாங்குகிறார்கள். ஆத்திர அவசரத்துக்கு நகை அடகுக்கடைக்குப் போகிறது. பாதி திரும்பி வருவதில்லை. இரு சக்கர வாகனத்தை உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி ஓட்டுவோரும் உண்டு. நட்பு முறிந்தால் வண்டியும் போயிற்று. இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

என்னிடம் பயின்ற முகாம் மாணவர் ஒருவர் முதுகலையில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினார். இன்று புதுமனைகளுக்கு வண்ணம் பூசுகிறார். வேலையில் இழிவேதும் இல்லை. ஆனால், அவருடைய பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்கும் தமிழக அரசு மனமுவந்து செலவிட்டது. அந்த முதலீட்டின் பலனைப் பெறும் வேளையில் சட்டம் குறுக்கே நிற்கிறது. அரசுப் பணித் தேர்வென்றால் குடியுரிமைக் கேள்வி எழுகிறது. சட்டம் படித்தால், வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ளப் பொதுவிதியாக இந்தியக் குடியுரிமை வேண்டும். தனியார் நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பினால் கடவுச்சீட்டு இல்லை. இதைக் கண்ட தம்பி தங்கைகள் பன்னிரண்டாம் வகுப்போடு தூரிகையைக் கையிலெடுத்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். சிக்கல் அங்குதான் இருக்கிறது. உயிர் தப்பப் படகேறியவர்கள் கடவுச்சீட்டோடு வரவில்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம். அத்தகையோர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோர இயலாது. ஆதார் அட்டை இருக்கிறதே எனலாம். அது வசிப்பதற்குச் சான்றே தவிர, குடியுரிமைக்குச் சான்றன்று.

இங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பால் இந்தியர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவரெனில் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனில் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. நான் குறிப்பிட்ட மாணவர் மணந்தது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்ணை. தாய் வாக்களிக்கிறார், அவர் பெற்ற மகள் அயல்நாட்டவர்.

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை ஓர் ஆறுதல்: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கப்பட்டனர். ஆயினும், அந்த விலக்கு எவரையும் குடிமகனாக்கிவிடவில்லை.

அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மெக்சிகோவும் 2000 வரை அதில் சேரவில்லை. நம் முகாம்கள் தோன்றிய அதே 1980-களின் தொடக்கத்தில், குவாதமாலாவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி பல்லாயிரம் பழங்குடி மக்கள் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக்கு வந்தனர். பின்னர் ஒரு பகுதியினர் கம்பேச்சே, கிந்தானா ரோ மாநிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். அமைதி திரும்பியபோது பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தங்க விரும்பியவர்களுக்கு 1996 முதல் நிரந்தர வசிப்புரிமையும் குடியுரிமையும் வழங்கப்பட்டன. அவர்களுக்கு அங்கே பிறந்த குழந்தைகளோ, அந்நாட்டு அரசமைப்பின்படி பிறப்பிலேயே மெக்சிகோ குடிமக்கள். செல்வத்தில் மெக்சிகோ அமெரிக்காவன்று. அங்கும் வறுமை உண்டு.

இவர்களுக்குக் குடியுரிமை தந்தால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கை வலு குறையும் என்று நம்மிடையே சிலர் கவலைப்படுகின்றனர். அக்கவலை புரிகிறது. ஆனால், ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பைப் பெயிண்டர் ஒருவரின் தலையில் மட்டும் சுமத்துவது என்ன நியாயம்? கனடாவிலும் பிரிட்டனிலும் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழரிடம் எவரும் இதைக் கேட்பதில்லை. திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். அதற்கு அரசு உதவட்டும். முகாம்வாசிகளில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர் என்பதையும் மறக்கலாகாது. நெல்லை, ராமநாதபுரம், மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்ட நாடு இந்தியா.

முதலில் செய்ய வேண்டியது, 2025 ஆணையால் தண்டனையிலிருந்து விலக்கப்பட்டோரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்தும் விலக்குவது. பதிவு செய்தோரின் பெயரும் வந்த தேதியும் முகாம் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளன. புதிதாகக் கணக்கெடுக்கவும் தேவையில்லை. குடியுரிமை பற்றி முடிவெடுக்கக் காலம் பிடிக்குமானால், அதுவரை நீண்டகால விசா வழங்கி, மூன்று அண்டை நாட்டவருக்கு 2018-இல் தந்ததைப் போல ஒரு வீடு வாங்கும் உரிமையையாவது இவர்களுக்கும் தரலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியராக உள்ள பிள்ளைகளின் விண்ணப்பங்களை அதற்கும் முன்பாகவே எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் மூத்தவர்கள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள்.