ஐசியைப் படமெடுத்து அனுப்பும் முன்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பெரியம்மா இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். பால்மரம் சீவிய கை, பிறகு செம்பனைக்கு உரம் போட்ட கை. ஐசி என்னும் அடையாள அட்டை, சூரா பெரானாக் என்னும் பிறப்புப் பத்திரம், பெரியப்பாவின் இறப்புப் பத்திரம், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் கடிதங்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைத் திறந்து ஐசியை எடுத்தார். வெளிச்சத்துக்காக வாசல் சிமெண்டுப் படியில் வைத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படமெடுத்து, முன்பின் தெரியாத ஓர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முகநூலில் பார்த்த கடன் விளம்பரம். "ஐசி படம் மட்டும் போதும்னு சொன்னாங்கப்பா" என்றார் என்னிடம்.

மறுநாள் முன்கட்டணம் என்று 300 ரிங்கிட் கேட்டார்கள். கட்டினார். இன்னும் 500 கேட்டார்கள். முடியாது என்றதும் அவர் எடுத்த அதே படம் திரும்பி வந்தது, மேலே சிவப்பு எழுத்தில் 'கடன் ஏமாற்றி' என்று எழுதி. படத்தின் ஓரத்தில் அவருடைய செருப்பு நுனி அப்படியே தெரிந்தது. ஒரு காசுகூடக் கடன் வாங்காதவர், மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அந்தச் செருப்பு நுனி என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்து ஆபீசில் அந்தக் காலத்தில் ஐசி நகல் கேட்டால் ஒரு வழக்கம் இருந்தது. நகலின் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்போம். அந்த நகலை வேறு எவனும் வேறு வேலைக்கு எடுப்பது கடினம். ஆபீஸ் எழுத்தர்களான கிராணிமார் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. தாள் போய்க் கைப்பேசி வந்ததும் கோடு மட்டும் காணாமல் போனது.

ஐசியில் என்னதான் இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். இப்போதைய ஐசியான மைகார்ட் 2001-இல் வந்தது. அதிலுள்ள 12 இலக்க எண்ணை மட்டும் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். நெகிரி செம்பிலானில் பிறந்தவர்கள் பலருக்கு அது 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணைப் படித்தவுடனேயே உங்கள் வயதும் பிறந்த மாநிலமும் தெரிந்துவிடுகின்றன. கூடவே முகம், முழுப்பெயர், முகவரி. இவ்வளவும் ஒரே படத்தில் இருந்தால், உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கவும் கடனுக்கு விண்ணப்பிக்கவும் ஒருவன் துணிவான். உங்களை மிரட்டவும் அது போதும்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கோடு போடும் பழக்கத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு கிழித்து, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று மலாயில் எழுதுங்கள்: 'உந்தோக் பெர்மோஹோனான் ரூமா சஹாஜா' என்பது போல. வீட்டு விண்ணப்பத்துக்கு மட்டும் என்று அதற்குப் பொருள். அந்தத் துண்டை ஐசியின் குறுக்கே, முகத்தின் ஓரத்தைத் தொடும்படி வைத்து, அதன் பிறகு படமெடுங்கள். அவர்களுக்கு முகவரி தேவையில்லை என்றால் இன்னொரு துண்டால் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.

படமெடுத்த பிறகு கைப்பேசியிலேயே கறுப்பு பூசினால் என்ன என்று கேட்கலாம். நான் அதை நம்புவதில்லை. சில கைப்பேசிகளின் 'மார்க்கர்' முழுக் கறுப்பு கிடையாது, கண்ணாடித்தாள் மாதிரி. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எண் தெரிந்துவிடும். வெட்டி எறிந்த பகுதியும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கூகிள் பிக்சல் கைப்பேசிகளில் வெட்டிய திரைப்பிடிப்புகளின் மிச்சம் அதே கோப்புக்குள் கிடந்ததும் அதை மீட்க முடிந்ததும் 2023 மார்ச்சில் வெளியே வந்தது. விண்டோஸ் கணினியின் வெட்டும் கருவியிலும் அதே குறை இருந்தது. தாள் துண்டுக்கு அடியில் இருப்பதைக் கேமராவே பார்ப்பதில்லை. பார்க்காததை எந்த வித்தைக்காரனும் மீட்க முடியாது.

மறைக்க வேண்டிய படம் இருப்பது போலவே, ஒரு புள்ளி குறையாமல் காக்க வேண்டிய படமும் இருக்கிறது. சம்பளச் சீட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம், தாத்தா காலத்துப் பிறப்புப் பத்திரம் எல்லாம் அந்த வகை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது வேகமாகப் போவதற்காகப் படத்தைச் சுருக்கிவிடும். கல்யாணப் படத்துக்கு அது பரவாயில்லை. மை மங்கிய பழைய பத்திரத்தில் 3-உம் 8-உம் ஒன்றாகிவிடும், தட்டச்சு எழுத்து புகைபோல் கலைந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலே அலைக்கழிக்கப்படும் நம் மக்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆகவே பத்திரங்களைப் 'படம்' என்ற பொத்தானில் அனுப்பாமல், 'ஆவணம்' என்ற பொத்தானைத் தொட்டு அனுப்புங்கள். கோப்பு உள்ளது உள்ளபடி போகும். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் அந்தக் கோப்போடு சேர்ந்தே போகும். சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுத்தால் தீர்ந்தது.

சம்பளச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் முதல். குறைவாகக் கொடுத்தாலோ, காரணமில்லாமல் பிடித்தாலோ, 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. அங்கே முதலில் கேட்பது சீட்டைத்தான். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் புகைப்படத்தையும் ஆவணமாகவே கொள்கிறது; கணினியில் உருவான ஆவணத்தை ஏற்பதற்கு 90ஏ என்று தனிப் பிரிவே உண்டு. மாதம் தவறாமல் சீட்டைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஆவணமாக அனுப்பி வையுங்கள். கைப்பேசி வாய்க்காலில் விழுந்தாலும் சீட்டு இருக்கும். தாளையும் எறிய வேண்டாம்.

இனி, நமக்கு வந்து சேரும் படங்கள். கணினிக்குப் படம் என்றும் கடிதம் என்றும் வேறுபாடு கிடையாது. எல்லாமே எண்களின் வரிசைதான். எந்தக் கோப்பையும் புள்ளிகளாக மாற்றிப் படமாக்க முடியும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரமே அதற்குச் சாட்சி: அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் அதிகபட்சம் 2,953 பைட் வரை எழுத்தையோ இணைப்பையோ அடைக்கலாம். இது நல்ல வித்தைதான். கெட்டவன் இதைத் திருப்பிப் போடுகிறான், படம் அல்லாத ஒன்றுக்குப் படத்தின் வேடம் கட்டுகிறான். விண்டோஸ் கணினிகளுக்கான வாட்ஸ்அப்பில் படம்போல் தோன்றும் இணைப்பு, திறந்தால் நிரலாக ஓடக்கூடிய ஓட்டை இருந்ததை நிறுவனமே 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, செயலியைப் புதுப்பிக்கச் சொன்னது.

தோட்டப்புறத்தில் அந்த வேடம் கல்யாணப் பத்திரிகை உருவில் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் கைப்பேசியும் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் பெயர் 'ஏபிகே' என்ற மூன்று எழுத்தில் முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. உள்ளே விட்டால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும், வங்கியின் ஓடிபி எண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். உண்மையான படம் ஒருபோதும் 'இன்ஸ்டால்' செய்யச் சொல்லாது. தொட்டுவிட்டீர்களா? முதலில் கைப்பேசியின் இணையத்தை அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். 2022-இல் பேங்க் நெகாரா விதித்த பாதுகாப்பு நடவடிக்கைகளுக்குப் பிறகு, சந்தேகம் வந்தால் கணக்கை உடனே நிறுத்தும் வசதியை வங்கிகள் தருகின்றன. பணம் போய்விட்டிருந்தால் 997. அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி பதில் மையம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் மறிப்பதுதான் அவர்கள் வேலை. நாளை பார்க்கலாம் என்று தள்ளினால் மறிக்க ஒன்றும் இருக்காது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிப் பணம் தாவுவதற்குத் தங்கள் ஏடிஎம் அட்டையைச் சில நூறு ரிங்கிட்டுக்கு 'வாடகை' விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த பிரிவுகள் அதையே குற்றமாக்கியிருக்கின்றன. எனக்குத் தெரியாது என்று அங்கே சொல்லித் தப்புவது கடினம்.

உரிமை என்ன இருக்கிறது? 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஒரு கம்பெனி உங்கள் ஐசியைக் கேட்டால், எதற்கு, யாரிடம் போகும் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழில் வராது. எனவே புரியவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறைத் திருத்தச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 2025 ஏப்ரல் முதல், இந்தச் சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை, சிறை மூன்றாண்டு வரை. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிப்பதும் கட்டாயம். ஆனால் இந்தச் சட்டம் அரசாங்க அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. முகம் தெரியாத மோசடிக்காரனிடம் இதைக் காட்டியும் பயனில்லை.

அவனுக்கு எதிராக இருப்பது போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் செய்யலாம். பெரியம்மாவுக்கு மலாய் தடுமாறும், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அனுப்பிய படம், வந்த மிரட்டல், பணம் கட்டிய கணக்கு எண் எதையும் அழிக்காமல் எடுத்துப் போனோம். பயத்தில் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், அது நம் கையிலுள்ள சாட்சியை நாமே எரிப்பது. அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் உள்ள எண்ணா என்று காட்டும். கடன் கொடுப்பவருக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் உரிமம் வேண்டும். கடனுக்கு முன்னால் காசு கேட்டாலே அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். உங்கள் பெயரில் வேறு கடன் ஏறியிருக்கிறதா என்பதைப் பேங்க் நெகாராவின் 'சிசிரிஸ்' அறிக்கை சொல்லும். இன்றைக்குச் சுத்தமாக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், போன படம் திரும்பி வராது.

புகாரின் நகலை வாங்காமல் நிலையத்தை விட்டு இறங்க வேண்டாம். பின்னாளில் வங்கியோ கடன் கம்பெனியோ கதவைத் தட்டினால் அந்த எண்தான் பேசும். நான்கு வாரம் ஆகியும் ஒரு தகவலும் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைக் குறிப்பிட்டு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அதையும் பிஸ்கட் டின்னில் வையுங்கள்.