பார்க்க விடும் பூட்டு

கணிப்பொறியை விட்டு எழுந்து செல்பவர் அதைப் பூட்டிவிட்டே செல்ல வேண்டும் என்னும் நியதி பல அலுவலகங்களில் உண்டு. ஆனால் வழக்கமான பூட்டு, அந்நியர் கையைத் தடுப்பதோடு நில்லாமல், திரையில் இருந்த அனைத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. இரவு முழுதும் ஓடும் ஒரு நீண்ட கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறதென்று போகிற போக்கில் பார்த்துக்கொள்ள விரும்பும் ஆராய்ச்சியாளருக்கும், யந்திரங்களின் நிலையை அறையின் மறுகோடியிலிருந்தே கவனித்துவர வேண்டியவருக்கும் இம்மறைப்பு பெரிய இடைஞ்சலாகும். காண்பது ஓர் உரிமை, கையாள்வது வேறோர் உரிமை. முன்னதைப் பலருக்கும் அளித்து, பின்னதை ஒருவரே வைத்துக்கொள்வது சாத்தியமா?

சாத்தியமே என்று காட்டியது, இயன் ஜாக்சன் என்பவர் 1993-94-இல் எழுதிய 'எக்ஸ்டிஆர்லாக்' என்னும் சிறிய நிரல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் பிறந்து, யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளின் திரைகளைப் பல்லாண்டுகள் ஆண்டுவந்த எக்ஸ் விண்டோ அமைப்பின்மீது அது இயங்குகிறது. அதைத் தொடங்கியதும் மவுஸின் அம்புக்குறி மறைந்து, அவ்விடத்தில் ஒரு சின்னஞ்சிறு பூட்டு தோன்றுகிறது. வேறு மாறுதல் ஒன்றும் இல்லை. எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும், புதிய ஜன்னல்கள்கூடத் திறக்கும். ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் பலிக்காது. கடவுச்சொல்லை இட ஒரு கட்டம்கூட இராது. உரியவர் வந்து, கண்ணுக்குத் தெரியாமலே கடவுச்சொல்லைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் திறக்கும். தவறினால் ஒரு மணியோசை கேட்கும். பாதியில் பிழை நேர்ந்தால் எஸ்கேப் விசை முழுவதையும் அழித்து மறுபடி தொடங்க இடம் தரும்.

இதன் சூட்சுமம் எளிமையானது. எக்ஸ் அமைப்பில் நிரல்கள் திரையில் வரைவது ஒரு வழி, விசைப்பலகையிலிருந்தும் மவுஸிலிருந்தும் செய்திகள் நிரல்களை அடைவது வேறு வழி. எக்ஸ்டிஆர்லாக் எதையும் வரையாத, உள்ளீட்டை மட்டுமே ஏற்கும் ஒரு ஜன்னலை உருவாக்கி, விசைகளையும் மவுஸையும் தன்வசமே தரும்படி எக்ஸ் அமைப்பிடம் கேட்டுப் பெற்றுக்கொள்கிறது. முதல் வழியை அது தொடுவதே இல்லை.

இந்த அழகிய ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஏதேனும் ஒரு மெனு விரிந்த நிலையில் இருந்தால், உள்ளீட்டை அந்த நிரல் முன்னமே பிடித்துவைத்திருப்பதால், பூட்டு விழாது. பல விரல்களின் தொடுகையை அறியும் தொடுதட்டுகள் வந்தபோது, அவ்வகைச் செய்திகள் இந்தப் பிடிக்குள் அகப்படாமல் நழுவி, பூட்டிய திரையிலேயே உலாவியை இயக்க இடம் தந்த குறை 2016-இல் வெளிப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டது. மெனுவால் பூட்டு விழாமல் போகக்கூடுமாதலால், பூட்டின் சின்னம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

எக்ஸுக்குப் பதிலாக இன்று பரவிவரும் வேலண்ட் அமைப்பில், ஒரு நிரல் பிறருடைய உள்ளீட்டைக் கைப்பற்ற அனுமதி இல்லை. அதன் பூட்டு நெறிமுறையோ, பூட்டிய திரையில் மற்ற நிரல்களின் காட்சி தெரியவே கூடாதென்று விதிக்கிறது. கடிதங்களும் கணக்குகளும் திறந்து கிடக்கும் மேஜைக்கு இவ்விதி மிகவும் உசிதமானது. ஆனால் காட்டுவதற்கென்றே நிறுவப்பட்ட திரைகளும் உலகில் உள்ளனவாதலால், அவற்றின் பொருட்டேனும் அந்தப் பழைய வசதிக்குப் புதிய அமைப்பிலும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.