விதவைக்காக வாதாடியவருக்கு 4 மாதம் ஜெயில்!
தரங்கம்பாடி கோட்டைக்குள் நடந்த கதை

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடி கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டை இப்போது மியூசியம். டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, அலையில் கால் நனைத்துவிட்டுப் போகிறார்கள் ஜனங்கள். இதே கோட்டையில் 1708-ல் ஒரு பாதிரியாரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள்.

அவர் பெயர் சீகன்பால்க். ஜெர்மனிக்காரர். டென்மார்க் ராஜா அனுப்பி, 1706 ஜூலை 9-ந் தேதி இங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பொடிப்பசங்களோடு உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து "அ, ஆ" எழுதிப் படித்தார்.

கடன் தகராறு

முடி திருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன கடன் விவகாரத்தில் அவருடைய மனைவிக்கும், டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்த துபாஷிக்கும் தகராறு. ஒரு பக்கம் ஏழை விதவை. இன்னொரு பக்கம் கம்பெனி ஆள். கேட்பாரில்லாத அந்தப் பெண்ணுக்காகச் சீகன்பால்க் பேசப்போனார்.

கோட்டைத் தளபதி ஹாசியசுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏற்கனவே இவரைக் கண்டால் ஆகாது. "எதிலும் மூக்கை நுழைக்கிறான், இது கலகம்" என்று முடிவு கட்டி, பிடித்து உள்ளே போட்டார். 4 மாதம்! நம்ம ஊர் ஸ்டேஷன்களில் இதுமாதிரி "சிபாரிசுக்கு வந்தவரே உள்ளே" கதையை நாம் கேட்காததா என்ன?

வெளியே வந்தவர் ஊரைவிட்டு ஓடவில்லை. லண்டனில் இருந்து அச்சு எந்திரம் வந்தது. எழுத்து ஜெர்மனியில் இருந்து வந்தது. அந்த எழுத்தோ ரொம்பப் பெருசு, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யும் பட்டறையும் போட்டார்கள். "கடுதாசிப்பட்டறை" என்ற பெயர் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. 1715-ல் புதிய ஏற்பாட்டை தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718-ல் புதிய எருசலேம் தேவாலயம் கட்டி முடிந்தது. மறு வருஷமே இறந்துபோனார். வயது 36 தான். அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே கல்லறை.

வாடகை 3,111 ரூபாய்

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இந்த ஊரை டேனிஷ்காரர்களுக்கு வருஷம் 3,111 ரூபாய் வாடகைக்கு விட்டார். அவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும், வங்காளத்தில் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டார்கள். ஊர் வாசலில் 1792-ல் கட்டிய கோட்டைக் கதவு இன்னும் நிற்கிறது.

கோவிலைத் தின்ற கடல்

கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. ஊரில் எல்லாவற்றையும்விட மூத்தது இதுதான். முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியும் இந்தக் கரையில்தான் ஏறி வந்தது. இப்போது அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் அடித்த தண்ணீர் மதில்மேல் தெறிக்கிறது.