விருதுக்கு மறுநாள் காலை, பூக்காட்டு ரேடியோவில்...

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். மொக்கு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். பறிக்கும் பெண்களில் பலர் காலனித் தெருக்களில் இருந்து கிலோ கணக்கில் கூலிக்கு வருபவர்கள். மடியில் மொக்கு விழுந்துகொண்டிருக்கும். இடுப்பில் செருகிய செல்போனில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வேடசந்தூர் நூற்பாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களிலும் அதே குரல்தான். கொடைக்கானல் மலையில் இருந்து 100.5-ல் வரும் அகில இந்திய வானொலியோ, மதுரையில் இருந்து வரும் தனியார் எஃப்.எம்.மோ, ஏதோ ஒன்று பாடாமல் நம் சமவெளிக்கு விடிவதில்லை.

சினிமா விருது அறிவித்த மறுநாள் காலை என்றால் அந்த ரேடியோவுக்குத் திருவிழா. யாருக்கு விருது, யாருக்கு இல்லை என்று தொகுப்பாளர் மூச்சு விடாமல் பேசுவார். இடையிடையே விருது பெற்ற படத்தின் பாட்டு. 'உங்களுக்குப் பிடித்த நடிகர் யார்?' என்று நேயர்களிடம் கேள்வி. பூக்காட்டில் நிற்பவர்களும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். அலுப்புத் தெரியாமல் வேலை ஓடும்.

2023 ஆகஸ்ட் 24 அன்று மாலை 69-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் பேசுவதற்கு நிறையவே இருந்தது. சிறந்த படம் 'ராக்கெட்ரி'. சிறந்த நடிகர் 'புஷ்பா' அல்லு அர்ஜுன். 'ஆர்ஆர்ஆர்' படத்துக்கு மட்டும் ஆறு விருதுகள். சிறந்த தமிழ்ப் படம் மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி'. நமக்குப் பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்து மண்ணையும் மனிதர்களையும் காட்டிய படம் அது. அதில் நாயகனாக நடித்த நல்லாண்டி, பெருங்காமநல்லூரைச் சேர்ந்த நிஜ விவசாயி. படம் வெளிவரும் முன்பே மறைந்துவிட்ட அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்த விருதில் நமக்கும் பெருமைதான்.

பட்டியலில் இல்லாதவை

ஆனால் அந்த ஆண்டுப் பட்டியலில் மூன்று பெயர்கள் இல்லை. 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை'. மூன்றுமே 2021-ல் வந்தவை. மூன்றுமே ஒடுக்கப்பட்ட மக்களை நடுவில் நிறுத்திய படங்கள். ஒன்றுக்கும் ஒரு விருதும் இல்லை. தெலுங்கு நடிகர் நானி உட்படத் திரைத்துறையினர் சிலரே 'ஜெய் பீம்' விடுபட்டதற்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

விருதுக் குழு இத்தகைய படங்களை எப்போதும் ஒதுக்கியது என்று சொல்லிவிட முடியாது. பூமணியின் 'வெக்கை' நாவலை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்', 67-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமானது. தனுஷ் சிறந்த நடிகரானார். அடுத்த ஆண்டு, முடிதிருத்தும் தொழிலாளியின் கதையான 'மண்டேலா' இரண்டு விருதுகளை வாங்கியது. எனவே கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டால் நமக்கு லாபமில்லை. அந்தப் படங்கள் நம் கையில் எதைக் கொடுத்தன என்பதுதான் கேள்வி.

'அசுரன்' ஒரு சொல்லைக் கொடுத்தது: பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அப்படி ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது தீராத வழக்கு. 'அசுரன்' பாட்டு ரேடியோவில் நூறு முறை ஒலித்திருக்கும். பஞ்சமி என்ற சொல் எத்தனை முறை ஒலித்திருக்கும்?

ஆட்கொணர்வு மனு

'ஜெய் பீம்' கொடுத்தது ஒரு சட்ட வழி. படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டாலும், அதன் மூலம் 1993-ல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தில் நடந்தது. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டுப் புகாரில் போலீசார் பிடித்துப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி பார்வதிக்காக வழக்கறிஞர் சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், ஆட்கொணர்வு மனு போட்டார். 2006-ல்தான் காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஓடியது 13 ஆண்டுகள்.

ஆட்கொணர்வு மனு என்றால், 'பிடித்துப்போன ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து' என்று கேட்பது. காணாமல் போனவரே கேட்க முடியாது அல்லவா? அதனால் அவருக்காக உறவினரோ நண்பரோ மனு செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 2004-ல் மதுரைக் கிளை வந்துவிட்டது. விடிகாலைப் பேருந்தில் ஏறினால் நீதிமன்றம் தொடங்கும் முன்பே போய்விடலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இப்படித்தான். 1989-ல் வந்த சட்டம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-ல் திருத்தம் வந்தது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். குற்றத்தைப் பொறுத்து 85 ஆயிரம் ரூபாய் முதல் எட்டேகால் லட்சம் வரை நிவாரணம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. காவல் நிலைய வாசலில், 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு இதில் எது தெரியும்?

இரண்டு எண்கள், இரண்டு பாட்டுக்கு நடுவே

ரேடியோவின் பலம் இங்கேதான் இருக்கிறது. பேப்பர் படிக்க நேரமில்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், மில்லில் ஷிப்டு முடித்து வருபவர் எல்லோருக்கும் அது எட்டும். 'ஜெய் பீம்' பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவாமல் அரை நிமிடம் போதும். வன்கொடுமை குறித்த தேசிய உதவி எண் 14566. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். திண்டுக்கல்லிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நடிகரின் பெயரைச் சொல்லும் அதே உற்சாகக் குரலில் இந்த இரண்டு எண்களையும் சொன்னால், பூக்காட்டில் நிற்கும் நாலு பேராவது மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

தொகுப்பாளர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்கவும் வேண்டாம். நேயர் அழைப்பு என்பது நமக்கும் திறந்த வாசல்தான். கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவர்கள் கூப்பிடலாம். பிடித்த படம் எது என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டு, ஏன் பிடித்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.' அதன்பிறகு பாட்டுக் கேளுங்கள்.

விருது யாருக்கு என்பதைக் குழு முடிவு செய்யும். மறுநாள் காலையில் ரேடியோவில் என்ன பேசலாம் என்பதில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை பட்டியல் வரும்போது, 14566 என்ற எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு போனை எடுங்கள்.