தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்க மாமா வீட்டுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் மாமா செய்த முதல் வேலை, காரில் ஏறிச் சாவியைத் திருகியது. ரெண்டு உறுமல், அப்புறம் 'டொக்'னு ஒரு சத்தம். அதோட சரி. பக்கத்திலேயே நானும் நின்னேன். மெக்கானிக்கல் படிக்கிறவன், ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கலையேன்னு இன்னும் உறுத்துது. அதான் இந்தக் கட்டுரை.

அந்த 'டொக்' என்ன? கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இதைத்தான் ஹைட்ரோஸ்டாடிக் லாக் என்பார்கள். இதற்கு எவ்வளவு தண்ணீர் வேணும்? கணக்குப் போடுவோம். 1200 சிசி, நாலு சிலிண்டர். ஒன்றுக்கு 300 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ 10:1 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 300/9, அதாவது சுமார் 33 மில்லி. டீக்கடை கிளாஸில் பாதிகூட வராது! அதுக்கு மேல தண்ணி இருந்தா பிஸ்டனுக்குப் போக இடமே இல்லை. டீசலில் ரேஷியோ அதிகம், இடம் இன்னும் குறைவு.

ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் சுற்றினால், இன்ஜின் அப்படியே முட்டி நிற்கலாம்; தப்பிச்சோம். ஆனா தண்ணி புகாத சிலிண்டர் பற்றிக்கொண்டு வேகம் எடுத்தால், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மாமா காரில் நடந்தது அதுதான். தண்ணீருக்குள் ஓட்டிப்போய் இன்ஜின் நின்றாலும் இதே ஆபத்து. மறுபடி ஸ்டார்ட் பண்ணாம இறங்கித் தள்ளுங்க.

சரி, என்னதான் செய்யணும்? சாவியைத் தொடாதீங்க. தண்ணீர் நின்ற கறை, நம்பர் பிளேட் ரெண்டும் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழட்டுங்க. இன்சூரன்ஸுக்குப் போன் போட்டுட்டு, டோயிங் வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புங்க. ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கா, ஆயில் பால் டீ கலருக்கு மாறியிருக்கான்னு அவர் பார்ப்பார். பெட்ரோல் கார்னா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி இன்ஜினைச் சுற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் பல கார்கள் பிழைத்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் கார்னா கதையே வேற: ஆரஞ்சு வயர்களைத் தொடாதீங்க, சார்ஜ் போடாதீங்க, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்க.

இன்சூரன்ஸில்தான் பெரிய அடி. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா உங்க காருக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. மாமாவுக்கும் சீட், கார்பெட், வயரிங் எல்லாத்துக்கும் கொடுத்தாங்க. இன்ஜினுக்கு மட்டும் இல்லை. வெள்ளம் உடைக்கல, நீங்க ஸ்டார்ட் பண்ணித்தான் உடைஞ்சது, அது 'பின்விளைவுச் சேதம்'னு சர்வேயர் எழுதிட்டார். கேட்க எரிச்சலா இருந்தாலும், நம்ம பாடப்படி அவர் சொன்னது தப்பில்லை. இன்ஜின் புரொடெக்‌ஷன்னு தனி ஆட்-ஆன் இருக்கு, அதை வாங்கியிருந்தா வேற கதை. உங்க வீட்டு பாலிசியில் அது இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ரிப்பேர் செலவு காரின் ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. ரிப்பேருக்குப் பதிலா அந்த மதிப்பைக் கணக்கு வைத்துத் தருவார்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையா கார்கள் ஏறி நின்னதே, ஞாபகம் இருக்கா? அதுல மாமா காரும் ஒண்ணு.