செல்போனில் சுற்றிப் பார்க்கும் வீடு: படத்தை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

மும்பையில் வீடு தேடுவது என்றால் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போய்விடும். புரோக்கர் காலையிலேயே மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார். அங்கே இரண்டு வீடு, செம்பூரில் மூன்று வீடு என்று மாடி ஏறி இறங்கி, மாலையில் கால் வலியோடு வீடு திரும்புவார்கள்.

இப்போது அந்த அலைச்சல் பெருமளவு குறைந்து விட்டது. புரோக்கர் செல்போனில் ஓர் இணைப்பை அனுப்புகிறார். அதைத் தொட்டால் வீட்டுக் கதவு திறக்கிறது. விரலால் தள்ளினால் ஹால், சமையல் அறை, படுக்கை அறை என்று ஒவ்வொன்றாக வருகிறது. அண்ணாந்து பார்ப்பது போல் மேலே திருப்பினால் மின்விசிறி தெரிகிறது. இதற்கு 'விர்ச்சுவல் டூர்' என்று பெயர்.

துபாயில் வேலை பார்க்கும் மகனும், தாராவியில் இருக்கும் தந்தையும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டைப் பார்க்கலாம். "ஹால் பெரிசா இருக்குப்பா, டோக்கன் குடுத்துடுங்க" என்று மகன் சொல்லி விடுகிறான். ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அந்த ஒரு வார்த்தையில் கை மாறப் பார்க்கிறது. அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

ஊரடங்கில் வளர்ந்தது

இந்த முறை நேற்று வந்தது அல்ல. 2015-ம் ஆண்டிலேயே 'காமன்புளோர்' என்ற வீட்டு விற்பனை இணையதளம், அட்டைப் பெட்டி போன்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் வசதியைக் கொண்டு வந்தது. அப்போது அது வேடிக்கையாகவே இருந்தது.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் மும்பையில் வீட்டுப் பத்திரப்பதிவு அடியோடு நின்று போனது. கட்டி முடித்த வீடுகளை விற்க வழி தெரியாமல் இருந்த பில்டர்கள் செல்போன் வழியாக வீட்டைக் காட்டத் தொடங்கினார்கள். செப்டம்பர் 1-ந் தேதி முதல் டிசம்பர் இறுதி வரை மராட்டிய அரசு முத்திரைத்தாள் கட்டணத்தை 5 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. மக்கள் வாங்க முன்வந்தார்கள். ஊரடங்கு போன பிறகும் இந்த வழக்கம் நின்று விட்டது.

எடுத்த படமா? வரைந்த படமா?

இப்படிக் காட்டப்படும் வீடுகளில் இரண்டு வகை உண்டு. வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த வகை என்பதுதான்.

ஒன்று, உண்மையான வீட்டில் எடுத்த படம். அறையின் நடுவில் முக்காலி வைத்து, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும் காமிராவை அதன் மேல் பொருத்துகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் சில இடங்களில் இப்படி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றாகத் தைத்து விடுகிறது.

மற்றொன்று, இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது. பழைய சொசைட்டி கட்டிடங்களை இடித்து உயரமான கோபுரங்கள் எழும்பும் செம்பூரில் இந்த வகை அதிகம். வரைந்த வீட்டில் எல்லா ஜன்னலிலும் வெயில் வரும். எதிரே இன்னொரு கட்டிடம் இருக்காது. கட்டிலைச் சற்றுச் சிறியதாக வரைந்தால் படுக்கை அறை பெரியதாகத் தோன்றும். இதில் தெரிவது வீடு அல்ல, வீட்டைப் பற்றிய வாக்குறுதி.

டைல்ஸை எண்ணிப் பார்க்கலாம்

எடுத்த படம் என்றாலும் அளவு ஏமாற்றும். அகன்ற கோணத்தில் எடுக்கும் லென்சுக்கு, எதிர்ச் சுவரைத் தள்ளிக் காட்டும் குணம் உண்டு. 14 அடி ஹால் 20 அடி போல் தெரியும்.

இதற்கு எளிய வழி, தரையில் உள்ள டைல்ஸை எண்ணுவது. இன்றைய வீடுகளில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் சாதாரணம். டைல்ஸ் அளவைப் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டு எண்ணினால், அகலத்தில் 5, நீளத்தில் 7 என்று வந்தால் ஹால் 10 அடிக்கு 14 அடி. அதாவது 140 சதுர அடி. இப்படியே எல்லா அறைகளையும் கூட்டிப் பார்த்து, விளம்பரத்தில் சொன்ன கணக்கோடு ஒப்பிடலாம்.

ஒப்பிட வேண்டியது 'கார்ப்பெட் ஏரியா'வோடு மட்டுமே. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் பகுதி, பால்கனி, திறந்த மொட்டை மாடி ஆகியவற்றை நீக்கிவிட்டு, உள்சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடும் பரப்புதான் அது. மாடிப்படியையும் லிப்டையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு வேறு.

காமிராவுக்குத் தெரியாதவை

ஜனவரியில் எடுத்த படத்தில் ஜூலை தெரியாது. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் பெருமழைக்குத் தண்ணீர் தேங்குவது மாட்டுங்காவாசிகளுக்குத் தெரியும். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை. சுவரில் ஓதம் ஏறுகிறதா, மொட்டை மாடி ஒழுகுகிறதா என்பது புதுச் சுண்ணாம்பு அடித்த பிறகு எடுத்த படத்தில் வராது.

செம்பூரில் மாகுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. காற்றின் வாடையைச் செல்போன் கொண்டு வராது. ரெயில் சத்தம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், மேல் வீட்டுக்காரரின் குணம் எதுவும் வராது.

இணைப்பைப் பார்த்துப் பிடித்திருந்தால், அடுத்து வீடியோ காலில் நேரடியாகக் காட்டச் சொல்லலாம். தெரு முனையில் தொடங்கி, கேட், லிப்ட், மாடிப்படி வழியாக வீடு வரை இடையில் நிறுத்தாமல் நடந்து வரச் சொல்ல வேண்டும். குழாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். கூகுளின் தெருக்காட்சி வசதி 2022-ம் ஆண்டு ஜூலையில் மும்பை உள்பட 10 நகரங்களில் தொடங்கப்பட்டது. அதிலும் சுற்றுப்புறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வீடு யாருடையது?

சுவரைக் காட்டும் காமிரா, அந்தச் சுவருக்கு உரியவர் யார் என்று காட்டாது. மும்பையில் இதுவே பெரிய விஷயம்.

மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் 'பகடி' வீடுகள் உண்டு. பகடி கொடுத்துக் குடியிருப்பவர் வாடகைதாரர்தான்; கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் வேறு. அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கு 1999-ம் ஆண்டு மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சொந்த பிளாட் வாங்குவதும் பகடி வாங்குவதும் ஒன்றல்ல. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த வீடுகளையும் குறிப்பிட்ட ஆண்டுகள் கடக்கும் முன்பு விற்க முடியாது. மீறி வாங்கினால் பணமும் போகும், வீடும் போகும்.

தாராவியில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. 2024-ம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் டிரோன், லேசர் கருவிகளைக் கொண்டு தாராவியையே கம்ப்யூட்டருக்குள் கொண்டு வரும் வேலை நடந்தது. நாளைய தாராவியின் அழகிய படங்கள் செல்போன்களில் சுற்றுகின்றன.

ஆனால் 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்த தரைத்தள வீடுகளில் வசிக்கும் தகுதி பெற்றவர்களுக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு 2011-ம் ஆண்டு தொடக்கம் வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே, 2½ லட்சம் ரூபாய்க்கு வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு, பின்னர் வாங்கிக்கொள்ளும் வசதியோடு. ஆகவே படத்தில் வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட, பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். படத்தைக் காட்டி யாராவது முன்பணம் கேட்டால், கொடுக்கும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

சட்டத்தின் துணை

புதிதாகக் கட்டும் வீடு என்றால் சட்டம் துணைக்கு இருக்கிறது. மராட்டியத்தில் 'மகாரெரா' என்ற ஒழுங்குமுறை ஆணையம் 2017-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் இயங்குகிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல் விளம்பரத்தில் 'கியூஆர் கோடு' இருப்பதும் கட்டாயம். அதைச் செல்போனில் பிடித்தால் திட்டத்தின் விவரங்கள் வரும்.

விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அதில் சொன்னது பொய் என்று தெரிந்தால் இழப்பீடு கேட்கலாம். திட்டத்தில் இருந்து விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். எந்த ஊடகத்தில் செய்யும் விளம்பரமும் இந்தச் சட்டத்தில் அடங்கும். ஆனால் இணைப்பை இன்று காட்டி நாளை அழித்து விடலாம். அதனால் பார்த்த படத்தை அன்றே தேதியோடு செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன்பு, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 8 லட்சம்தான் உச்சம். தனி நபரிடம் பழைய வீடு வாங்குவோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் மூலப் பத்திரங்களை வக்கீலிடம் காட்டி, சொசைட்டியிலும் விசாரிக்க வேண்டும்.

ஊரில் வாங்குவோருக்கு

ஓய்வு பெற்றதும் நெல்லைக்கோ சென்னைக்கோ திரும்ப நினைக்கும் மும்பைத் தமிழர்கள், அங்குள்ள வீட்டையும் இங்கிருந்தே செல்போனில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இதே சட்டப்படி ஆணையம் உண்டு. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒரு நடை போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து வருவதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

விற்பவரும் கவனிக்க

வீட்டை விற்பவருக்கு இந்த முறை உண்மையிலேயே உதவி. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர்களே வருவார்கள். ஆனால் படம் எடுக்கும் முன்பு பீரோ, பூஜை அறை வெள்ளிச் சாமான், பிள்ளைகளின் போட்டோ, மேஜை மேல் கிடக்கும் பாஸ் புத்தகம் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். ஊரே பார்க்கப் போகும் படம் அது. வீடு விற்றதும் இணைப்பை நீக்கச் சொல்வதையும் மறக்கக் கூடாது.

செல்போன் பத்து வீடுகளைக் கழித்து, இரண்டு வீடுகளை மிச்சம் வைக்கும். அந்த இரண்டுக்கும் நடந்து போவதுதான் முறை. முடிந்தால் மழை நாளில். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.