சராசரி மழையும் எங்க ஊர் மழையும்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. விளைவு, எங்க பிரம்மதேசம் இருக்கிற விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. வானிலைத் துறை 20 செ.மீ.க்கு மேல் போனாலே 'அதி கனமழை' என்று சொல்கிறது. மெஷின் லேர்னிங் இதை முன்கூட்டியே சொல்லுமா?

கிராஃப்காஸ்ட், பாங்கு வெதர் போன்ற மாடல்கள் 2023-இல் பெரிய பேச்சாக இருந்தன. இவை ஈஆர்ஏ5 என்ற பல பத்தாண்டு வானிலைத் தரவைப் படித்துக் கற்றவை. புயலின் பாதையை நன்றாகவே கணிக்கின்றன. மழை அளவு என்று வரும்போதுதான் சிக்கல்.

முதல் சிக்கல், கட்டத்தின் அளவு. 0.25 டிகிரி என்றால் ஒரு கட்டம் சுமார் 28 கி.மீ. நம்ம பக்கத்து இடிமழை மேகம் சில கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூசி பறக்கும். மாடலுக்கு இரண்டும் ஒரே கட்டம்.

இரண்டாவது, ஈஆர்ஏ5-இல் உள்ள மழை மழைமானியில் அளந்தது இல்லை. அதுவே இன்னொரு கணினி மாடல் கணக்கிட்டது. வெப்பமண்டல மழையில் அந்த மாடல் செய்யும் பிழையையும் சேர்த்துத்தான் நம்ம மாடல் கற்றுக்கொள்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சின்னக் கணக்கு. பத்தில் ஒரு வாய்ப்பு 50 செ.மீ., மீதி ஒன்பதும் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிழையின் வர்க்கத்தைக் குறைக்கப் பழக்கிய மாடல் சராசரியைச் சொல்லும்: 6.8 செ.மீ. மதிப்பெண் நல்லா வரும். ஆனால் அந்த 6.8 எந்த நாளிலும் பெய்யப்போவதில்லை!

சரி, அப்போ என்ன செய்யலாம்? ஒரே எண்ணுக்குப் பதிலாகப் பல சாத்தியங்களைத் தரும் மாடல் வேண்டும். 2024 டிசம்பரில் வெளிவந்த ஜென்காஸ்ட் அந்த வகை. கூடவே, இந்திய வானிலைத் துறையிடம் 1901 முதல் மழைமானிகளை வைத்துத் தயாரித்த தினசரி மழைத் தரவு இருக்கிறது. அதை வைத்து மாடலின் முடிவை நம்ம ஊருக்கு ஏற்பத் திருத்தலாம்.

வாய்ப்பு சதவீதம் விவசாயிக்குப் புரியாது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வடிகால் வெட்ட 1,500 ரூபாய் ஆகும், வெட்டாமல் வெள்ளம் வந்தால் 20,000 ரூபாய் பயிர் போகும் என்றால், 10 சதவீத வாய்ப்புக்கே வெட்டிவிடலாம். எதிர்பார்க்கும் நஷ்டம் 2,000. '6.8 செ.மீ. மழை' என்று மட்டும் சொன்னால் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். மாடல் ஒன்றேதான். அது சொல்லும் விதம்தான் பயிரைக் காப்பாற்றுவதும் விடுவதும்.